ஏலகிரி அடிவாரத்தில் பார்த்தது எல்விரா எலியா?

வாணியம்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஏலகிரி அடிவாரத்தில், பொழுது சாய்ந்து இருட்டுகிற நேரத்தில், ஒரு பாறைக் குவியலுக்குள் உடம்பைவிட நீளமான வாலோடு ஒரு எலி ஓடியதைப் பார்த்திருக்கிறார். செல்போனில் எடுத்த மங்கலான படமும் இருக்கிறது. இணையத்தில் தேடினால் கிழக்குத் தொடர்ச்சி மலை, பாறைப் பகுதி, மிக அருகிய இனம், எல்விரா எலி என்று வந்ததாம். இது அதுதானா, இல்லையென்றால் நம் பக்கத்து மலைகளில் அது இருக்க வாய்ப்பு உண்டா, அப்புறம் ஓர் எலிக்கு எதற்கு இவ்வளவு பேச்சு, இதுதான் கேள்வி.

முதல் கேள்விக்கு உடனே சொல்லிவிடலாம். அது அநேகமாக எல்விரா இல்லை. படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் வாலின் கடைசிப் பகுதி வெள்ளையாக இருப்பது தெரிகிறது. நுனியில் முடியும் கொஞ்சம் அடர்த்தி. அது வெள்ளைவால் காட்டெலி, பிளான்போர்டு எலி என்றும் சொல்வார்கள். ஏலகிரி, ஜவ்வாது, அமிர்தி, சேர்வராயன், கொல்லிமலை என்று தென்னிந்தியாவின் பாறையும் மரமும் கலந்த மலைகளில் எல்லாம் இருக்கிற எலிதான். பாறை இடுக்கிலும் இருக்கும், மரப்பொந்திலும் இருக்கும், ஆள் இல்லாத மண்டபத்து உத்தரத்திலும் இருக்கும். அரிய பிராணி இல்லை என்பதால் ஏமாற வேண்டாம், பார்ப்பதற்கு நல்ல அழகான எலி.

எல்விராவைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அறிவியல் பெயர் கிரெம்னோமிஸ் எல்விரா. 1946-இல் எல்லர்மன் என்பவர் இதைத் தனி இனமாக விவரித்தார். அவர் வைத்துப் பார்த்த மாதிரி கிடைத்த இடம் சேலம் மாவட்டம் குரும்பப்பட்டி. சேலத்துக்காரர்களிடம் குரும்பப்பட்டி என்றால் ஏற்காடு அடிவாரத்து உயிரியல் பூங்காவைத்தான் சொல்வார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரம், வறண்ட இலையுதிர் காடும் புதரும் கலந்த பாறைச் சரிவு, இரவில்தான் நடமாட்டம், பகலெல்லாம் பொந்துக்குள். எந்தெந்த இனம் அழிவின் விளிம்பில் இருக்கிறது என்று பட்டியல் போடுகிற உலக அமைப்பான ஐயுசிஎன்னின் மதிப்பீட்டில் இதற்குச் சொல்லப்பட்டிருக்கும் இடம் இந்த ஒன்றுதான். உலகத்தில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியாத ஒரு பாலூட்டி, நம் வேலூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேர்கிற தூரத்தில் இருக்கிறது என்பது நம் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை.

இந்த எல்லர்மன் கதையே தனி. சர் ஜான் எல்லர்மன், இங்கிலாந்தின் பெரிய கப்பல் கம்பெனி முதலாளியின் ஒரே மகன். 1933-இல் அப்பா இறந்தபோது விட்டுப்போன சொத்து 3 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கும் மேல், அதுவரை அந்த நாட்டில் யாரும் அவ்வளவு விட்டுப்போனதில்லை. மகனுக்குக் கப்பலைவிட எலியில்தான் மனம். லண்டன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து, உலகம் முழுவதிலுமிருந்து வந்து சேர்ந்த எலி, அணில் மண்டையோடுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, பல்வரிசையை அளந்து, கொறிவிலங்குகளைப் பற்றி மூன்று தடித்த தொகுதிகள் எழுதினார். குரும்பப்பட்டி எலி அப்படி ஒரு கோடீஸ்வரரின் மேஜையில்தான் பெயர் பெற்றது. சேலத்துக் காட்டில் ஆடு மேய்த்தவர்கள் அதற்கு முன்பே அதைப் பார்த்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

மிக அருகிய இனம் என்றவுடனே எத்தனை மிச்சம் என்று கேட்பார்கள். இந்த எலிக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது, யாராவது இத்தனைதான் பாக்கி என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். தலையை எண்ணாமலேயே ஓர் இனத்தை இந்த வகையில் சேர்க்க ஐயுசிஎன் விதிகளில் வழி இருக்கிறது. பரவியிருக்கிற நிலப்பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்குக் கீழ், அல்லது அதற்குள்ளும் உண்மையில் குடியிருக்கிற பரப்பு 10 சதுர கிலோமீட்டருக்குக் கீழ், இருப்பது ஒரே இடம், அந்த இடமும் வருஷா வருஷம் கெட்டுக்கொண்டே போகிறது என்றால் போதும். புலியை எண்ணலாம், யானையை எண்ணலாம். பாறைக்கடியில் ராத்திரி மட்டும் வெளியே வருகிற எலியை எண்ண முடியாது. அதனால் வீட்டை அளந்து முடிவு செய்கிறார்கள். எனக்கு இது சரியான அணுகுமுறையாகத்தான் படுகிறது, ஏனென்றால் இந்த எலியின் விஷயத்தில் பேச வேண்டியதே வீட்டைப் பற்றித்தான்.

பாறை என்றால் நம் ஆட்களுக்கு மொட்டைப் பாறைதான் ஞாபகம் வரும். வேலூர்க் கோட்டையைச் சுற்றியிருக்கிற குன்றுகளை ரயிலில் போகும்போது பார்த்துவிட்டு, ஒரு புல் பூண்டு இல்லை, வெறும் கல்லு என்பார்கள். கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நம் பக்கம் மலைகளில் பெரும்பாலும் இருப்பது நைஸ், சார்னோகைட் மாதிரியான மிகப் பழைய பாறைகள். பகல் வெயிலில் விரிந்து, ராத்திரியில் சுருங்கி, மழைத்தண்ணீர் கீறலுக்குள் இறங்கி, பல ஆயிரம் வருஷங்களில் மேல்பகுதி ஏடு ஏடாகப் பிரியும். பிரிந்த ஏடு சரிந்து கீழே வந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அப்படிக் குவிந்த இடத்தில் இரண்டு விரல் இடைவெளி, நான்கு விரல் இடைவெளி, கை நுழைகிற இடைவெளி, ஆள் குனிந்து போகிற குகை என்று எல்லா அளவிலும் இடுக்கு இருக்கும். இந்த இடுக்குதான் விஷயம். கொம்பன் ஆந்தை எவ்வளவு பெரிய வேட்டைக்காரனாக இருந்தாலும் இரண்டு விரல் இடுக்குக்குள் அதன் கால் போகாது. காட்டுப்பூனையும் கீரியும் வெளியே உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். பாம்பு மட்டும் உள்ளே போகும், அதற்கென்று எலி இரண்டு மூன்று வாசல் வைத்திருக்கும்.

மே மாதத்தில் வேலூரில் 42 டிகிரி வெயில் அடிக்கும்போது பாறையின் மேல் கை வைக்க முடியாது. அதே பாறையின் ஆழமான ஒரு இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள் (உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கையை விட்டுவிடாதீர்கள், சுருட்டை விரியன் இருக்கும்), வெளியே இருக்கிற காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பகல் முழுவதும் அந்தக் குளிர்ச்சியில் இருந்துவிட்டு ராத்திரி மட்டும் வெளியே வந்தால், பக்கத்தில் ஓடை இல்லாவிட்டாலும் சின்ன உடம்பு தாக்குப்பிடிக்கும். கோடையில் சரிவுகளில் புல் பற்றி எரியும்போதும் அப்படித்தான். தீ காய்ந்த புல்லை நக்கிக்கொண்டு நிமிஷத்தில் தாண்டிப் போய்விடும், பாறைக்குள் இருக்கிற பிராணிக்கு உயிர் தப்பும். ஆனால் புதர்க்காட்டில் வருஷா வருஷம் தீ வைத்தால் மறுபடி முளைப்பதெல்லாம் உண்ணிச்செடியும் முரட்டுப் புல்லும்தான், அப்போது உயிர் தப்பிய எலிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது.

பாறைச் சந்தில் சேர்கிற ஒரு பிடி மண்ணில்தான் கல்லிச்சி வேர் விடும், காரை, களா, சூரை, துரிஞ்சி, வெட்பாலை எல்லாம் பிடித்து நிற்கும். அதன் பழம், கொட்டை, புல்விதை, பூச்சி எல்லாம் வாசலிலிருந்து ஓர் ஓட்டத்தில் கிடைக்கிற தூரத்தில் இருக்கும். சின்ன எலிக்கு ராத்திரியில் திறந்த வெளியில் ஓடுவதைவிட ஆபத்தான வேலை வேறில்லை, அதனால் இப்படிக் கிட்டத்திலேயே கிடைப்பதும் அதற்கு ஒரு பாதுகாப்பு. எலி குடியிருக்கிற இடுக்கைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. வாசலில் பாறை ஓரம் உடம்பு உரசி உரசி எண்ணெய் தடவியது மாதிரி கறுத்து வழவழவென்று இருக்கும். கீழே அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதான புழுக்கை, பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டுப் பருப்பை எடுத்துவிட்டு எறிந்த கொட்டை ஓடு. சில இடங்களில் புற்றுவாய் மாதிரியான ஒரு துளையைச் சுற்றிக் கடலை அளவுக்குச் சின்னச் சின்னக் கூழாங்கற்கள் யாரோ விளையாடிவிட்டுப் போட்டது மாதிரி குவிந்திருக்கும். அது எல்விரா வேலையும் இல்லை, வெள்ளைவால் எலி வேலையும் இல்லை, முள்முடிச் சுண்டெலி என்ற ஒரு குட்டி எலி தன் வளைக்குச் செய்துகொள்கிற ஏற்பாடு.

சரி, எது எந்த எலி என்று எப்படிப் பிரிப்பது? முதலில் வாலைப் பாருங்கள், முகத்தை அப்புறம் பார்க்கலாம். வால் உடம்பைவிட நீளம், முன்பகுதி கறுப்பு, கடைசி மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வெள்ளை என்றால் வெள்ளைவால் எலி. வால் நீளம், ஆனால் முழுவதும் ஒரே கறுப்பு என்றால் நம் வீட்டுக் கூரையில் ஓடுகிற எலியின் சொந்தம்தான். வால் நுனியில் கறுப்புக் குஞ்சம், பின்னங்கால் நீளம், கண் பெரிது, தாவித் தாவி ஓடுகிறது என்றால் வெள்ளெலி, அது பாறைக்காரன் இல்லை, செம்மண் காட்டிலும் கொல்லையிலும் வளை தோண்டுகிறது. வால் உடம்பைவிடக் குட்டை, முடி முரடு, மஞ்சளும் பழுப்பும் புள்ளி புள்ளியாகக் கலந்தது என்றால் புதர் எலி, புல்லுக்குள் பாதை போட்டு வைத்திருக்கும். வால் நீளம், மேல்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் வெளுப்பு, அந்த இரண்டு நிறம் அடியிலிருந்து நுனிவரை போகிறது, வயிறு சாம்பல் கலந்த வெள்ளை, இருப்பது பாறையில் என்றால்தான் கிரெம்னோமிஸ் பக்கமே போக வேண்டும்.

அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. கிரெம்னோமிஸ் பேரினத்தில் இரண்டு பேர். ஒன்று கட்ச் பாறை எலி, குஜராத்தின் கட்ச் பகுதியில் முதலில் விவரிக்கப்பட்டது, அங்கிருந்து தென்னிந்தியா வரை பல இடங்களில் இருக்கிறது, அதற்கு ஆபத்து ஒன்றும் இல்லை. இன்னொன்று எல்விரா. எல்விரா அதைவிடப் பெரிய உடம்பு. ஆனால் வளர்ந்த கட்ச் எலியையும் இன்னும் வளராத எல்விராவையும் செல்போன் படத்தில் வைத்து யாராலும் பிரிக்க முடியாது. பின்னங்கால் பாதம், காது, வால் எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும், முடிவாகச் சொல்ல மண்டையோடும் கடைவாய்ப் பல்வரிசையும் வேண்டும், இல்லாவிட்டால் டிஎன்ஏ. அதனால் படத்தைப் பார்த்து யாராவது அடித்துச் சொன்னால், எல்விராதான் என்றாலும் சரி, இல்லவே இல்லை என்றாலும் சரி, கொஞ்சம் நிதானிக்க வேண்டும். உங்கள் படத்தில் வெள்ளை நுனி தெரிந்ததால்தான் நான் துணிந்து சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி, நம் மலைகளில் இருக்குமா? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சேர்வராயனிலிருந்து வடகிழக்கே வந்தால் சித்தேரி, கல்வராயன், அப்புறம் தென்பெண்ணை, அதைத் தாண்டினால் சாத்தனூர் அணையின் சென்னகேசவ மலை, அங்கிருந்து ஜவ்வாது, பக்கத்தில் ஏலகிரி. மலை, நடுவில் சமவெளி, மறுபடி மலை. ஒரே மாதிரி பாறை, ஒரே மாதிரி வறண்ட காடு, 600 மீட்டர் உயரத்துச் சரிவு ஜவ்வாதில் நிறையவே இருக்கிறது. வாழிடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இருக்கக் கூடாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆனால் பாறையில் வாழ்கிற சின்னப் பிராணிகளுக்குச் சமவெளி ஒரு கடல் மாதிரி, தாண்டுவது லேசில்லை. ஒரு மலையில் இருப்பது அடுத்த மலையில் இல்லாமல் போவது அடிக்கடி நடப்பதுதான். அதனால் இருக்கும் என்றும் எழுத மாட்டேன், கிடையாது என்றும் எழுத மாட்டேன். தேடிப் பார்க்க நியாயமான இடம் என்று மட்டும் சொல்வேன்.

தேடுவது எப்படி என்று கேட்டால், பொறி வைப்பதற்கு முன்னால் ஆந்தையைப் பிடியுங்கள் என்பேன். பறவையை இல்லை, அது உட்காருகிற இடத்தை. கொம்பன் ஆந்தை பாறை முகட்டில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உட்காரும், கீழே பாறையில் சுண்ணாம்பு ஊற்றியது மாதிரி வெள்ளை வழிந்திருக்கும். எலியை அப்படியே விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாக்கித் துப்பிவிடும். கட்டைவிரல் அளவு, சாம்பல் நிறம், காய்ந்துவிட்டால் நாற்றம் இருக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து ஊசியால் மெதுவாகப் பிரித்தால் உள்ளே மண்டையோடு உடையாமல் கிடைக்கும், கீழ்த்தாடை இரண்டும் தனித்தனியாக, முன்பல் ஆரஞ்சு மஞ்சளில், கடைவாய்ப் பல்லில் மூன்று வரிசை மேடும் பள்ளமும். ஓர் உருண்டையில் இரண்டு மூன்று எலிகூட இருக்கும். நான் வேலூரைச் சுற்றியிருக்கிற குன்றுகளில் எடுத்ததில் பெரும்பாலும் வெள்ளெலியும் வயலெலியும்தான் வந்தன, ஏனென்றால் ஆந்தை கீழே கொல்லைக்கு வந்து வேட்டையாடிவிட்டு மேலே போய் உட்காருகிறது. ஆனாலும் ஒரு பிராணியைக்கூடத் தொந்தரவு செய்யாமல் ஒரு மலையில் என்னென்ன எலி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது. உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் செய்கிற வேலைதான் இது.

பொறி என்று வந்தால் மடக்கக்கூடிய ஷெர்மன் அலுமினியப் பெட்டிதான் வைப்பார்கள், உயிரோடு பிடித்து, அளந்து, விட்டுவிடலாம். உள்ளே தேங்காய்ப் பத்தையோ வறுத்த வேர்க்கடலையோ போதும். இதை நீங்களாகச் செய்யக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவதே 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அனுமதி வாங்கி, கல்லூரி விலங்கியல் துறை மூலமாகவோ சென்னையில் இருக்கிற இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தின் துணையோடோ செய்கிற வேலை. கூட ஒரு இருளர் பெரியவரை அழைத்துக்கொண்டு போகிற ஆராய்ச்சியாளர் பாதி வேலையை முதல் ராத்திரியே முடித்துவிடுவார். அறுவடை முடிந்த வயலில் வளையைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, பாம்பு இருக்கிறதா, குட்டி போட்டிருக்கிறதா என்று சொல்கிறவர்கள் அவர்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர்கள் பெயர் கடைசி வரி நன்றியிலாவது வர வேண்டும், பல சமயம் அதுவும் வருவதில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். எலிக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பது உங்கள் தப்பில்லை, சட்டமே ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது, கேடு செய்யும் பிராணிகள் பட்டியல். காக்கை, பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி. எந்த எலி என்று பிரிக்காமல் மொத்தமாக எலி. நெல் தின்கிற எலியும் காட்டுக்குள் ஒரே ஒரு சரிவில் வாழ்கிற எலியும் ஒரே வரியில். 2022-இல் வந்த திருத்தத்தில்தான் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டது. வயலில் எலி பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, விவசாயி பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தியாவில் எலி வகைகள் எத்தனையோ இருக்க, அவற்றில் நம் பயிருக்கும் வீட்டுக்கும் வருவது கொஞ்சம்தான். மற்றவை பெரும்பாலும் காட்டை விட்டு வருவதில்லை. விதையைத் தின்னும், சிலதைப் புதைத்துவிட்டு மறந்தும் போகும், ஆந்தைக்கும் காட்டுப்பூனைக்கும் பாம்புக்கும் இரையாகும். அந்த வட்டத்தில் எலியை எடுத்துவிட்டால் மேலே இருக்கிற எதுவும் நிற்காது.

சரி, சட்டம் மாறியது, வீடு? நம் ஊரில் காட்டைக் காப்பாற்றுவது என்றால் மரக்கன்று நடுவது. கலெக்டர் வருவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், குழி தோண்டி நட்டு படம் எடுத்துக்கொள்வார்கள். பாறை எலிக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. வெட்டிய காடு நாற்பது ஐம்பது வருஷத்தில் ஓரளவு திரும்பி வரும். உடைத்த பாறை வராது. பாலாற்றில் மணல் அள்ளி அள்ளித் தீர்ந்த பிறகு கட்டடம் எல்லாம் எம்-சாண்டுக்கு மாறியது. எம்-சாண்ட் என்றால் பாறையைத்தானே பொடி பண்ண வேண்டும்? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் சாலையில் போகும்போது பாருங்கள், குன்று பாதியாக நிற்கும், வெட்டின முகம் வெள்ளையாக, கீழே கிரஷர், வரிசையாக டிப்பர். நானும் கான்கிரீட் வீட்டில்தான் இருக்கிறேன், குவாரியே கூடாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் எந்தக் குன்றை உடைப்பது என்று முடிவு செய்கிறபோது அந்தக் குன்றில் என்ன இருக்கிறது என்று யாராவது ராத்திரியில் போய்ப் பார்த்தார்களா? வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது கல்லாங்குத்துப் புறம்போக்கு. மத்திய அரசு வெளியிடுகிற தரிசுநில வரைபடத் தொகுப்பில் பாறைப் பகுதிக்கும் புதர்க்காட்டுக்கும் தனித்தனி வகையே இருக்கிறது, இரண்டும் தரிசுக் கணக்கில். தரிசு என்று எழுதிவிட்டால் அப்புறம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

குரும்பப்பட்டிப் பக்கமும் இதே கதைதான், வேறு வடிவத்தில். சேர்வராயன் மலைமேல் 1820-களிலேயே காப்பி வந்துவிட்டது, அப்போதைய சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தது. அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கம், சேலம் மேக்னசைட் என்றால் இன்றும் பிரசித்தம். மேலே தோட்டம், கீழே சுரங்கமும் நகரமும், நடுவில் ஒரு பட்டைதான் வறண்ட காடு. விறகு, ஆடுமாடு, தீ, சாலை எல்லாம் அந்தப் பட்டையில்தான் விழுகிறது. சுற்றுலா வருகிறவர்கள் கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்திக் கீழே பார்ப்பார்களே, அந்தச் சரிவுதான், அவர்கள் எறிகிற பிளாஸ்டிக் போய் விழுகிற இடமும் அதுதான்.

புலி இல்லாத, யானை இல்லாத வறண்ட பாறைக்காட்டுக்குச் சரணாலயம் யார் தருவார்கள் என்று கேட்காதீர்கள், தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற, ராத்திரி மட்டும் நடமாடுகிற ஒரு பிராணிக்காக. அதே வருஷம் மதுரை அரிட்டாப்பட்டியின் பாறைக் குன்றுகளைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், இது காப்புக்காடாக இல்லாத நிலத்துக்கும் பொருந்துகிற ஏற்பாடு. 2024 கடைசியில் அங்கே டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று வந்தபோது ஊரே திரண்டது, 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்தார்கள். அங்கே குடைவரைக் கோயிலும் தமிழிக் கல்வெட்டும் இருந்தது என்பதும் உதவியது, அதை மறைக்க வேண்டாம். நம் பக்கத்துக் குன்றுகளிலும் சமணர் படுக்கை, பாறை ஓவியம், கோயில் எல்லாம் இருக்கிறது. எலிக்காக ஒரு குன்றைக் காப்பாற்ற முடியாவிட்டால் சமணருக்காகக் காப்பாற்றுங்கள், எலி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

உங்களால் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், அந்தப் பாறைக் குவியல் யாருடைய நிலம் என்று முதலில் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண் கேட்டால் தெரிந்துவிடும், காப்புக்காடா, புறம்போக்கா, பட்டாவா. புறம்போக்கு என்றால் அதில் குவாரி ஏலம் வருகிறதா என்று மாவட்ட இணையதளத்தில் ஒரு கண் வையுங்கள், அறிவிப்பு வரும்போதே மனு கொடுத்தால்தான் அது செல்லும், பாறை துளைக்கிற மெஷின் இறங்கின பிறகு கொடுத்தால் கோப்போடு சரி. அடுத்த முறை படம் எடுக்கும்போது வால் முழுவதும் வருகிற மாதிரி எடுங்கள், பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ பேனாவோ வைத்து அந்த இடுக்கையும் தனியாக ஒரு படம், தேதி, நேரம், இடம். உயிரினப் படங்களைப் பதிவு செய்கிற ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போட்டுவிடுங்கள், எலி பற்றித் தெரிந்தவர்கள் எப்போதாவது பார்ப்பார்கள், வெள்ளைவால் எலியானாலும் அது ஒரு பதிவுதான். சாலையில் அடிபட்டோ பூனை கொண்டுவந்தோ செத்த பாறை எலி கிடைத்தால் வெறுங்கையால் தொடாமல் அளந்து படம் எடுத்துவிட்டு வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பண்ணை வீடு, ரிசார்ட் என்று அடிவாரத்தில் கட்டியிருப்பவர்கள் பசை அட்டையும் எலி மருந்து கேக்கும் பாறைப் பக்கம் வைக்க வேண்டாம் என்று தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள். அந்த மருந்தைத் தின்ற எலியை ஆந்தை தின்னும்.

இன்னொன்று, இதை அம்மா சொல்கிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். புதருக்குள் போகும்போது முழுக்கால் பேண்ட், ஷூ, புல்லில் உட்காரவோ படுக்கவோ வேண்டாம். எலியின் காதிலும் உடம்பிலும் ஒட்டிக்கொள்கிற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சுகள் கடித்துத்தான் ஸ்க்ரப் டைஃபஸ் வருகிறது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் பல வருஷமாக ஆராய்ந்துவருகிற காய்ச்சல் இது, நம் பக்கம் மழை முடிந்து குளிர் தொடங்குகிற மாதங்களில் அதிகம். போய்வந்து மூன்று வாரத்துக்குள் விடாத காய்ச்சலும் தலைவலியும் வந்தால், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது மாதிரி கறுப்பாகப் பொருக்குக் கட்டிய புண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுக்குள் போனதைச் சொல்லிவிடுங்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.